உங்களுக்குத் தெரியுமா? நொடிக்கு ஒரு கோடி முறை இடம் மாறும் சவ்வு!

உங்கள் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. தடிமன் எவ்வளவு தெரியுமா? வெறும் 5 நானோமீட்டர்! நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம் வரவேண்டுமென்றால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்!

கெட்டியான உறை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஓடிக்கொண்டே இருக்கிறது! சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும் பக்கத்து மூலக்கூறோடு இடம் மாற்றிக்கொள்வது நொடிக்குச் சுமார் ஒரு கோடி முறை! நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்!

பக்கவாட்டில் இத்தனை வேகம் காட்டும் அதே மூலக்கூறு, இரண்டு அடுக்காக உள்ள சவ்வின் உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்குக்குத் தானாகக் குட்டிக்கரணம் போட வேண்டுமென்றால்? மாதம் ஒருமுறை நடந்தாலே பெரிது!

ஆனால் சாகப்போகும் செல் இந்த விதியை வேண்டுமென்றே உடைக்கிறது. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வழக்கமாக உள்ளடுக்கில்தான் இருக்கும். செல்லின் கதை முடியும் நேரத்தில் அது வெளியே தலைகாட்டும். உடனே விழுங்கும் செல்கள் வந்து செல்லையே தின்றுவிடும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'என்னைச் சாப்பிடு' சிக்னல்! நம்புங்கள், பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது!

இந்தச் சவ்வை அளக்கும் கதை ஒரு குளத்தில் தொடங்குகிறது! லண்டன் கிளாப்ஹம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றினார். அரை ஏக்கர் தண்ணீர் அலையடங்கி நின்றது! இதை அவர் எழுதி வெளியிட்ட ஆண்டு 1774. எண்ணெயின் அளவைப் பரப்பால் வகுக்கும் சின்னக் கணக்கை மட்டும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் ஒரே ஒரு மூலக்கூறின் உயரம் விடையாக வந்திருக்கும். சுமார் 2 நானோமீட்டர். கிட்டத்தட்ட செல் சவ்வில் பாதி!

அந்தக் கணக்கை அடுத்த நூற்றாண்டில் நெருங்கியவர் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு பெண்! ஜெர்மனியின் ஆக்னஸ் பொக்கெல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாத காலம். வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலத்தை அளந்தார். முடிவுகளைக் கடிதமாக எழுதி இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அனுப்பினார். 1891-ல் அந்தக் கடிதம் 'நேச்சர்' இதழில் அச்சாகிவிட்டது! அதே வகைத் தொட்டியை மேம்படுத்திப் படலங்களை ஆராய்ந்த லாங்மியூருக்கு 1932-ல் நோபல் பரிசு. பொக்கெல்ஸுக்கு இல்லை!

சவ்வில் இரண்டு அடுக்கு என்று கண்டுபிடித்ததில் ஒருவர் குழந்தை மருத்துவர்! நெதர்லாந்தின் லைடன் நகரம், 1925. கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்பு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு! இனிமேல்தான் வேடிக்கை. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் அவர்கள் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்ட, விடை மட்டும் அச்சு அசலாகச் சரி! நம் கணக்கு வாத்தியாராக இருந்தால் இதற்கு மார்க் போட்டிருக்க மாட்டார்!

எலி செல்லையும் மனித செல்லையும் ஒட்டி ஒன்றாக்க முடியுமா? முடியும்! சென்டாய் என்ற வைரஸைச் சேர்த்தால் போதும், இரண்டு சவ்வும் ஒன்றாகிவிடும். 1970-ல் அமெரிக்காவின் ஃபிரை, எடிடின் இருவரும் செய்து காட்டினார்கள். எலிப் புரதங்களுக்குப் பச்சை வெளிச்சம், மனிதப் புரதங்களுக்குச் சிவப்பு. தொடக்கத்தில் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரியில் வைத்து 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லை எங்கே என்றே தெரியவில்லை. இரண்டு நிறமும் முழுக்கக் கலந்துவிட்டன! இதேபோல ஒட்டிய செல்லை 15 டிகிரிக்குக் கீழே வைத்தார்கள். எல்லைக்கோடு அப்படியே நின்றுவிட்டது!

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகும். பக்கத்தில் நல்லெண்ணெய் ஜம்மென்று வழியும். ஒன்றின் கொழுப்பு வால்கள் நேரானவை, நெருக்கி அடுக்கிக்கொள்ளும். மற்றதில் வளைந்த வால்கள் அதிகம். செல் சவ்விலும் இதே கதைதான். இந்தக் கணக்கு ஒரு பாக்டீரியாவுக்குத் தெரியும்! ஈ-கோலையைக் குளிரில் வளர்த்தால் வளைந்த வால்களைக் கூட்டுகிறது. சூட்டில் வளர்த்தால் நேரான வால்களைக் கூட்டுகிறது. சவ்வின் இளக்கம் மட்டும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது! சினென்ஸ்கி என்பவர் இதைக் காட்டிய ஆண்டு 1974.

பனிப்பிரதேசத்து ரெயின்டீர் மானுக்கு ஒரே காலில் இரண்டு வகைக் கொழுப்பு! உடம்பருகே சாதாரணக் கொழுப்பு. பனியை மிதிக்கும் குளம்பருகே எளிதில் உறையாத கொழுப்பு! குளிர்காலக் கோதுமையும் லேசுப்பட்டதல்ல. குளிர் வருமுன்பே சவ்வில் வளைந்த வால்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது!

வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகிறதே, ஏன்? வெப்பமண்டலத்துப் பழம். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சவ்வுகள் இளக்கம் இழந்து ஒழுகத் தொடங்குகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த சரக்குகள் ஒன்றோடொன்று கலந்து கறுக்கின்றன! உங்கள் ஃப்ரிட்ஜ் செய்தது ஒரு சவ்வு இயற்பியல் சோதனை!

இந்தியப் பெருங்கடலின் அடியில் வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஓர் ஆர்க்கியா நுண்ணுயிர், உயர் அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகியது! ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தது 2008-ல். ஆர்க்கியாக்களின் கொழுப்பு இணைப்பே வேறு ரகம். சூட்டை விரும்பும் பல இனங்களில் இரண்டடுக்கும் சேர்ந்து ஒரே அடுக்காகவே ஆகிவிடுகிறது!

ஆழ்கடல் சீப்பு ஜெல்லிகளை மேலே கொண்டுவந்தால் அப்படியே கரைந்துபோகும்! காரணம் சவ்வுதான். நசுக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற வடிவில் வார்த்த கொழுப்புகள் அவை. அழுத்தம் போனால் சவ்வு நிலைகுலைந்துவிடுகிறது. இது 2024-ல் வந்த செய்தி!

கொலஸ்டிரால் என்றாலே பயப்படுகிறீர்களா? உங்கள் சில செல்களின் வெளிச்சவ்வில் பாஸ்போலிப்பிட் ஒன்றுக்கு ஒரு கொலஸ்டிரால் என்ற கணக்கில் அது உட்கார்ந்திருக்கிறது! சூட்டில் சவ்வு அளவுக்கு மீறி இளகாமல் பிடித்துக்கொள்ளும். குளிரில் இறுகிப்போகாமலும் பார்த்துக்கொள்ளும். ஒரே ஆள், இரண்டு வேலை!

சரி, சவ்வு ஓடுவது இருக்கட்டும். அது சாப்பிடவும் செய்யும்! வெளியே இருப்பதை உள்பக்கம் குழித்து, கிள்ளி, ஒரு குட்டிப் பையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பைக்குப் பெயர் வெசிக்கிள். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் ஒரு மணி நேரத்தில் குடிக்கும் திரவம் அதன் சொந்தக் கனஅளவில் 25 சதவீதம்! அதற்காக நிமிடத்துக்குத் தன் சவ்வில் 3 சதவீதத்தை உள்ளே தள்ளுகிறது. அரை மணி நேரத்தில் மொத்தச் சவ்வும் உள்ளே போய்விட்ட கணக்கு! ஆனாலும் செல் சுருங்குவதில்லை. போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்!

இப்படி விழுங்குவதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு கிறிஸ்துமஸ் மர முள்! 1882, இத்தாலியின் மெசினா. ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃபின் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். தனியாக மைக்ரோஸ்கோப் முன் இருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக வைத்திருந்த ஆரஞ்சு வகைச் செடியின் முள்ளை ஒடித்தார். கண்ணாடியாக ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் குத்தினார். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்துக் கிடந்தன! பரிசு? 1908-ல் நோபல்!

உங்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் இதே விழுங்கிகள் தினமும் தின்று தீர்க்கும் கிழட்டுச் சிவப்பணுக்கள் 10,000 கோடிக்கும் மேல்! அதாவது நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல்!

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு அறிவியலுக்கும் ஓர் உபகாரம் செய்திருக்கிறது! 1964-ல் ராத், போர்ட்டர் இருவரும் அதன் முட்டைச் செல்லை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கொசு ரத்தம் குடித்த பிறகு முட்டையின் மேல் குட்டிக் குட்டிக் குழிகள் 15 மடங்கு கூடியிருந்தன! மஞ்சள்கருப் புரதத்தை உறிஞ்சும் குழிகள் அவை. உங்களைக் கடித்துவிட்டுப் போன கொசுவின் வயிற்றுக்குள் அடுத்து நடப்பது இதுதான்!

அந்தக் குழியைச் சுற்றிக் கூண்டு கட்டும் புரதம் கிளாத்ரின். மூன்று கால்! கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் 1970-களில் அதைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து? பன்றி மூளையிலிருந்து! கூண்டில் ஐங்கோணங்களும் அறுகோணங்களும் இருக்கும். கூண்டு சின்னதோ பெரியதோ, முழுசாக மூட வேண்டுமானால் ஐங்கோணம் சரியாக 12. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது! ஆய்வகத் தட்டில் வளரும் ஒரே ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லிலிருந்து நிமிடத்துக்குக் கிளம்பும் கிளாத்ரின் பைகள் சுமார் 2,500!

கொலஸ்டிராலைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுப்பது ஒரு ரிசப்டர். 839 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் ஒன்றே ஒன்று மாறிப்போன ஒருவரை டல்லாஸ் நகரில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் ஆராய்ந்தார்கள். டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன். அவ்வளவுதான்! ரிசப்டர் எல்.டி.எல்.லைப் பிடிக்கிறது, ஆனால் குழிக்குள் போய்ச் சேரத் தெரியவில்லை. ரத்தத்தில் கொலஸ்டிரால் குவிகிறது! இப்படி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்த குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு! ஆய்வாளர்கள் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு. பழுதில்லாத ரிசப்டர் 10 நிமிடத்தில் உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். ஏறக்குறைய 20 மணி நேர ஆயுளில் நூறு நடைக்கு மேல்!

பையைக் கடைசியில் கிள்ளிப் பிரிப்பது டைனமின் என்ற புரதம். அதன் ஜீன் கெட்டுப்போன ஒரு பழ ஈயை 1973-ல் கனடாவில் கிரிக்லியாட்டியும் டேவிட் சுசூகியும் அறிவித்தார்கள். 29 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சற்று நேரத்தில் பொத்தென்று விழும். குளிரவைத்தால் எழுந்து பறக்கும்! நரம்பு நுனியில் தீர்ந்துபோன பைகளை மறுபடி செய்ய முடியாததுதான் காரணம்!

நம் நாட்டு விஞ்ஞானி ஒபைத் சித்திக்கியும் சும்மா இருக்கவில்லை! 1976-ல் சீமோர் பென்சரோடு சேர்ந்து அவர் விவரித்த ஒரு பழ ஈ, சூடு பட்டால் மயங்கி விழுந்து நெடுநேரம் எழாது. அதில் பழுதான ஜீன் எது என்று 1990-களில் தெரிந்தது. வெசிக்கிள்களை ஒட்டவைக்கும் இயந்திரத்தைப் பிரித்து மறுபடி தயார் செய்யும் என்.எஸ்.எஃப். புரதத்தின் ஜீன்! அதே புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்த ஜேம்ஸ் ராத்மனுக்கு 2013-ல் நோபல்!

அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ராண்டி ஷெக்மன், சிறுவனாக இருந்தபோது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அம்மா மேல் புகார் சொன்னவர்! மைக்ரோஸ்கோப் வாங்கச் சேர்த்த காசை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார் என்று கோபம். அன்றைக்கே அப்பா 100 டாலருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்! அந்த மைக்ரோஸ்கோப் பிறகு ஸ்டாக்ஹோம் நோபல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது! பரிசு வாங்கித் தந்தது என்னவோ ரொட்டிக்கும் பீருக்கும் போடும் ஈஸ்ட்தான். அதில் அவர் குழு முதலில் பிடித்த போக்குவரத்து ஜீன்கள் 23!

செல்லுக்குள் சரக்குகளைப் பைகளில் பிரித்து அனுப்பும் கோல்கி உறுப்பை 1898-ல் கமிலோ கோல்கி முதலில் பார்த்தது ஓர் ஆந்தையின் மூளையில்! சாயம் செய்த மாயம் என்று அரை நூற்றாண்டு பலர் நம்பவே இல்லை!

செல்லின் செரிமானப் பையான லைசோசோம் பிடிபட்டது ஃப்ரிட்ஜால்! பெல்ஜியத்தின் டி டூவ், அரைத்த கல்லீரலில் ஒரு என்சைமை அளந்தார். எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சில நாள் ஃப்ரிட்ஜில் கிடந்த பிறகு மறுபடி அளந்தால் எகிறிவிட்டது! சவ்வுப் பைக்குள் பூட்டியிருந்த என்சைம் கசிந்து வந்திருக்கிறது!

நரம்பு நுனியில் ஒரு வெசிக்கிளின் குறுக்களவு 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 25,000 வரிசை கட்டலாம்! அது வெடிக்கும் கணத்தைப் படம் பிடிப்பது எப்படி? ஹியூசர், ரீஸ் என்ற விஞ்ஞானிகள் செய்த வேலையைப் பாருங்கள். தவளைத் தசையில் முடியும் நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்த சில மில்லி விநாடிகளில், திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்ந்த செம்புக் கட்டியின் மேல் தசையைப் படாரென்று விழவைத்தார்கள்! தசை மோதிய கணமே உறைந்துவிட்டது. சவ்வில் வாய் திறந்த நிலையில் பைகள் மாட்டிக்கொண்டன! 1979-ல் வெளியான அந்தப் படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வாய் பிளக்கிறது!

முகச்சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி செய்வது என்ன? வெசிக்கிளைச் சவ்வோடு ஒட்டும் புரதத்தை வெட்டிவிடுகிறது! நரம்பு கட்டளை அனுப்ப முடியாது, தசை சுருங்காது. இதே நஞ்சு ஒரு கிராம் காற்றில் சீராகப் பரவி மூச்சில் கலந்தால் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகலாம் என்பது நிபுணர்கள் போட்ட கணக்கு! 1820-களில் இதைக் கெட்டுப்போன சாசேஜின் விஷம் என்று விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஜஸ்டினஸ் கெர்னர் ஒரு கவிஞர். தன் மேலேயே சோதித்துப் பார்த்தார்! கறுப்பு விதவைச் சிலந்தியின் விஷம் நேர் எதிர். எல்லாப் பைகளையும் ஒரேயடியாகக் கொட்டவைத்துவிடும்!

விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு. செல் வெளியேற்றும் பாதையில் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது அது! வெளியிலிருந்து கோல்கி, அங்கிருந்து எண்டோபிளாசக் கூடு, அங்கிருந்து உள்ளே. ஒரே ஒரு மூலக்கூறு நிமிடத்துக்கு புரதம் செய்யும் ரைபோசோம்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை முடக்கும்! காலரா நஞ்சும் அதே குறுக்குவழிதான். அந்த நஞ்சைக் கொல்கத்தாவில் 1959-ல் கண்டுகாட்டியவர் சம்பு நாத் தே. நோபல் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அநியாயம்!

வெசிக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு 'நடக்கும்' புரதம் கினெசின். இரண்டு கால். ஓர் எட்டு 8 நானோமீட்டர், நொடிக்குச் சுமார் 100 எட்டு! 1985-ல் பிடிபட்டது கணவாயின் ராட்சத நரம்பில்!

பாலில் இருக்கும் கொழுப்புத் துளி ஒவ்வொன்றும் பசுவின் செல் சவ்வைப் போர்த்திக்கொண்டு வருகிறது! மடிச்செல்லிலிருந்து வெளியே வரும்போதே சவ்வைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. பானையில் மத்து போட்டுக் கடைகிறோமே, அப்போது நடப்பது என்ன? அந்தச் சவ்வு கிழிகிறது! உள்ளிருந்த கொழுப்பு ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகத் திரளுகிறது. கிழிந்த சவ்வு? மோரில்! நேற்று நீங்கள் மோர் குடித்திருந்தால் பசுவின் சவ்வைக் குடித்திருக்கிறீர்கள்!

கன்றுக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் அநேகமாகப் பூஜ்யம்! சீம்பாலில் இருப்பதைக் குடல் செல்கள் குட்டிப் பைகளில் அள்ளி அப்படியே ரத்தத்துக்கு அனுப்புகின்றன. கெடு எவ்வளவு? சுமார் 24 மணி நேரம்! அதன்பின் குடல் கதவைச் சாத்திவிடும். மனிதக் குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி வழியாகப் பை பையாக வாங்கிக்கொண்டுதான் வருகிறது!

கடல் முள்ளெலியின் முட்டையில் விந்து நுழைந்ததும் சவ்வுக்கு அடியில் காத்திருக்கும் சுமார் 15,000 பைகள் ஒரு நிமிடத்துக்குள் வெடிக்கின்றன. இரண்டாவது விந்துக்கு இடமில்லை!

ஃப்ளூ, கொரோனா வைரஸ்களின் மேலுறை அவற்றின் சொந்தச் சொத்தல்ல. நம் செல்லில் திருடிய சவ்வு! அதனால்தான் சோப்புப் பட்டதும் சிதறிவிடுகின்றன! எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் நான்கு வகைக் கொழுப்புகளால் ஆன குட்டி உருண்டைக்குள்தான் வந்தது. அதில் ஒன்று நம் பழைய நண்பர் கொலஸ்டிரால்!

சிறுநீரகம் தினமும் வடிகட்டும் திரவம் 180 லிட்டர்! அதில் பெரும்பங்கு திரும்ப உடம்புக்கே வருகிறது. தண்ணீர் போகும் அக்வாபோரின் குழாய்களைப் பைகளில் மடித்து வைத்திருக்கும் சிறுநீரகச் செல், வாசோபிரெசின் ஹார்மோன் வந்து சொன்னதும் சவ்வில் கொண்டுவந்து செருகும். மது அந்த ஹார்மோனை அடக்கிவிடுகிறது. குடித்தவர் அடிக்கடி எழுந்து ஓடுவது அதனால்தான்!

இன்சுலின் சர்க்கரையை நேராகத் தசைக்குள் தள்ளுகிறது என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! தசைச் செல்லுக்குள் பைகளில் சும்மா கிடக்கும் குளூட்-4 என்ற வாசல்களை மேற்பரப்புக்கு வரவழைப்பதுதான் அதன் வேலை. வாசல்கள் இப்படி இடம் மாறுவதை 1980-ல் கொழுப்புச் செல்களில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. இன்னொன்றும் கேளுங்கள். தசையை வேலை வாங்கினாலே, இன்சுலின் இல்லாமலும் அந்தப் பைகள் கிளம்பி மேலே வருகின்றன! சாப்பிட்ட பிறகு தெருமுனைவரை ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்!